பாக்டீரியாத் திரிபுகளை இனங்காணுதல்: நோய்ப்பரவலின் ஊற்றைத் தேடிய வரலாறு

ஈ.கோலை என்ற பாக்டீரியாவைக் கைக்குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்து 1885இல் விவரித்தவர் குழந்தை மருத்துவரான தியோடார் எஷெரிக். நலமாக இருப்பவர்களின் குடலிலும் அது எப்போதும் வாழ்கிறது. பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அதே ஈ.கோலை சில சமயம் குழந்தைகளின் உயிரையும் பறித்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் உடனே கேட்பார்கள்: "அப்படியானால் அது நல்லதா, கெட்டதா?" ஓர் இனத்துக்குள்ளேயே பல திரிபுகள் உண்டு என்பதுதான் விடை. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரியான குச்சிகளாகவே தெரியும். அவற்றை வேறுபடுத்தும் வழிகளைக் கண்டுபிடிக்க அறிவியலாளர்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

சீரம் சோதனை

ஒரு பாக்டீரியாவை முயலின் உடலில் செலுத்தினால் அதற்குரிய எதிர்ப்பொருள்கள் முயலின் குருதியில் உண்டாகும். அந்தக் குருதியின் சீரத்தை அதே வகைப் பாக்டீரியாவுடன் கலந்தால், பால் திரிவதுபோல் அவை ஒட்டித் திரளும். வேறு வகையாக இருந்தால் திரளாது. பிரிட்டனில் வைட்டும் கோபன்ஹேகனில் காஃப்மனும் இந்த முறையைக் கொண்டு சால்மோனெல்லாவை வகைப்படுத்தினர். இன்று அதில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.

கோடைக்காலத்தில் கைக்குழந்தைகளுக்கு வரும் கொடிய வயிற்றுப்போக்கு அக்காலத்தில் ஒரு புதிராக இருந்தது. மலத்தைச் சோதித்தால் ஈ.கோலைதான் தெரியும், அது எல்லோரிடமும் இருப்பதுதானே என்று விட்டுவிடுவார்கள். லண்டனில் ஜான் பிரே 1945இல் சீரம் சோதனை செய்து, நோயுற்ற குழந்தைகளிடம் ஒரே வகை ஈ.கோலை திரும்பத் திரும்ப இருப்பதையும், நலமான குழந்தைகளிடம் அது அரிதாகவே காணப்படுவதையும் காட்டினார். அதற்குப் பின்னர் ஓ111 என்ற எண் தரப்பட்டது. கண்ணெதிரே இருந்த கிருமியை அதுவரை யாரும் சந்தேகிக்கவில்லை.

அபர்டீன், 1964

சீரம் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. டைபாய்டுக் கிருமிகள் அனைத்தும் சீரத்துக்கு ஒன்றுபோலவே தெரியும். இங்கே துணைக்கு வந்தது ஃபேஜ். பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ் அது. எந்த ஃபேஜ் எந்தத் திரிபை அழிக்கும் என்பது பூட்டும் சாவியும் போல. தட்டில் கிருமியைப் பரப்பி, பல வகை ஃபேஜ்களைச் சொட்டுச் சொட்டாக இட்டால், அழிந்த இடங்கள் தெளிந்த வட்டங்களாகத் தெரியும். எந்தெந்தச் சொட்டில் வட்டம் விழுந்தது என்பதுதான் அத்திரிபின் அடையாளம். கனடாவில் கிரெய்கியும் யென்னும் டைபாய்டுக்கு இந்த முறையை 1938இல் வகுத்தனர்.

1964 மே மாதம் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் டைபாய்டு பரவியது. 500க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்ததில் ஒரே பல்பொருள் அங்காடியின் இறைச்சிப் பகுதியில் விசாரணை வந்து நின்றது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி ஃபேஜ் வகை 34. இது பிரிட்டனில் அரிதானது. ஆகவே உள்ளூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொற்றியிருக்கும் என்ற ஐயம் வலுவிழந்தது. கடல் கடந்து வந்த உணவின் மேல் பார்வை திரும்பியது.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் அடைக்கப்பட்ட மாட்டிறைச்சி டின் ஒன்றுதான் காரணம் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. டின்னைச் சூடாக்கும்போது உள்ளே இருக்கும் கிருமிகள் சாகும். பிறகு அதைத் தண்ணீரில் ஆறவைப்பார்கள். ஆறும்போது உள்ளே அழுத்தம் குறையும். மூட்டுவாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்தாலும் போதும், வெளித்தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். அந்தத் தண்ணீர் கழிவுநீர் கலக்கும் பரானா ஆற்றிலிருந்து வந்தது. அதில் குளோரின் கலக்கும் கருவியோ ஓராண்டுக்கும் மேலாகப் பழுதுற்றுக் கிடந்தது. அங்காடியில் அந்த இறைச்சியை நறுக்கிய எந்திரத்தில் மற்ற இறைச்சிகளையும் நறுக்கியதால் நோய் பரந்தது. அந்த டின் கடைசிவரை எவர் கையிலும் கிடைக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. 34 என்ற எண்ணும் நோயாளிகள் உண்டவற்றின் பட்டியலும் சேர்ந்தே முடிவைத் தந்தன. எண் மட்டும் இருந்தால் அது திசையைத்தான் காட்டியிருக்கும்.

சென்னையில் தோன்றிய 139

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பெரும் காலராவை உண்டாக்குவது ஓ1 வகை மட்டுமே என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1992இன் பிற்பகுதியில் சென்னையில் காலரா நோயாளிகளிடம் கிடைத்த கிருமி ஓ1 சீரத்தில் திரளவில்லை. அறியப்பட்டிருந்த 138 சீரங்களில் எதிலும் திரளவில்லை. அதனால் அதற்கு ஓ139 என்ற எண் தரப்பட்டது. சில மாதங்களில் அது கொல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. முன்பு காலரா வந்து எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. உண்மையில் அது பழைய கிருமியேதான். மேலுறையைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் மட்டும் மாறியிருந்தன. எதிர்ப்பொருள்கள் மேலுறையைப் பார்த்தே ஆளை அடையாளம் காண்பவை என்பதால் ஏமாந்தன.

மரபுப்பொருளில் தேடுதல்

மரபுப்பொருளான டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்களில் நொதியால் வெட்டி, திசை மாறி மாறிப் பாயும் மின்புலத்தில் கூழ்மத்தின் வழியே ஓடவிட்டால், துண்டுகள் அளவுக்கேற்பப் பிரிந்து கோடுகளாக நிற்கும். கடைப்பொருள்களின் உறையில் உள்ள பட்டைக்குறி போலிருக்கும். ஷ்வார்ட்ஸும் கேன்டரும் 1984இல் இதை வெளியிட்டனர். 1993இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓ157:எச்7 என்ற ஈ.கோலை பரவி நான்கு குழந்தைகள் இறந்தபோது, நோயாளிகளின் கிருமியும் சரியாக வேகாத ஹாம்பர்கர் இறைச்சியிலிருந்த கிருமியும் ஒன்றே என்று இந்தக் கோடுகள் காட்டின. இதைத் தொடர்ந்து 1996இல் ஆய்வகங்களை இணைக்கும் பல்ஸ்நெட் தொடங்கப்பட்டது. தனித்தனி ஊர்களில் ஒருவர் இருவராக நோயுற்றவர்களை ஒரே பரவலின் பகுதியென்று அறிய அது வழிசெய்தது. இப்போது கோடுகளுக்குப் பதில் மரபணுத்தொகுதி முழுவதையும் வரிசைப்படுத்தி ஒப்பிடுகிறார்கள்.

திரிபைச் சரியாகப் பிரித்தறியும் முன் பேசிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011இல் ஜெர்மனியில் நடந்ததே சாட்சி. மே மாதம் வடக்கு ஜெர்மனியில் இரத்தக் கழிச்சல் பரவியது. பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் நச்சு சுரக்கும் ஈ.கோலை இருந்ததாக ஹாம்பர்க் அதிகாரிகள் மே 26 அன்று அறிவித்தனர். இருந்தது உண்மைதான். ஆனால் சில நாளில் வந்த சோதனை முடிவு, அது நோயாளிகளிடம் இருந்த ஓ104:எச்4 திரிபு அல்ல என்று காட்டியது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் காய்கறிகளை வாங்க ஆளில்லை, பறித்தவை அழிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் பாதிக்கப்பட்ட காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு தர நேர்ந்தது. அந்த நோய்ப்பரவலில் ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று, 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஜூனில் லோயர் சாக்சனி மாநிலத்தின் ஒரு பண்ணையில் முளைகட்டி விற்ற விதைகளிடம் விசாரணை வந்து சேர்ந்தது. அதே மாதம் பிரான்சில் போர்தோ நகருக்கு அருகே சிலருக்கு அதே திரிபு தாக்கியது. அவர்களும் முளைவிதை உண்டவர்கள். இரண்டு இடங்களுக்கும் பொதுவானது எகிப்திலிருந்து வந்த வெந்தயம். நம் அடுக்களையில் வெந்தயத்தைப் பெரும்பாலும் தாளித்தோ வேகவைத்தோ சேர்க்கிறோம். அங்கே முளைகட்டிப் பச்சையாகச் சாலட்டில் போட்டிருந்தார்கள். சூடுபடாத ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு உதவுவதைப் போலவே கிருமிக்கும் உதவும். விதைகளைச் சோதித்தபோது கிருமி கிடைக்கவில்லை. ஆயினும் அந்த ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் எகிப்திலிருந்து அவ்விதைகளை இறக்குமதி செய்வதைத் தடை செய்தது.