கேள்வியும் கைமாறிய கருவியும்: மெலிவுச் சுருதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் மேலோங்கி ஒலிக்கும் குரலையே பின்தொடர்கின்றனர். பாடகர், நாகசுர வித்துவான், வயலின் மேதை என்று வரலாறு நகர்கிறது. அக்குரல்களைத் தாங்கி நின்ற கீழ்ச்சுருதியை இசைத்தோர் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றனர். ஒத்து ஊதியவர், தம்புரா மீட்டியவர், மேடையின் பின்வரிசையில் பேஸ் கித்தார் ஏந்தியவர் ஆகிய அனைவரும் இவ்வகையினரே. இவர்கள் எவ்வாறு கற்றனர், எக்கருவியைக் கொண்டு கற்றனர் என்னும் இரு வினாக்களுக்கும் விடை தேடினால், செவிப்பயிற்சியும் பிறர் கையிலிருந்து வந்த பழங்கருவியும் தமிழ் இசை மரபின் இரு தூண்களாக நின்றமை புலனாகும்.

செவிவழிக் கல்வி

திருக்குறளில் கல்வி 40-ஆவது அதிகாரம்; கல்லாமை 41-ஆவது; அதனையடுத்துக் கேள்வி 42-ஆவது அதிகாரமாக அமைந்துள்ளது. ஏடு பயிலும் வாய்ப்புப் பெறாதவனுக்கும் செவி என்னும் வாயில் திறந்தே இருக்கிறது என்னும் கருத்து இவ்வைப்புமுறையில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். இசைக்கலையைப் பொறுத்தவரை இது நடைமுறை உண்மையாகும். 'கேள்வி ஞானம்' என்னும் தொடர் இசையுலகில்தான் மிகுதியாக வழங்குகிறது.

பண்டைத் தமிழர் ஒலியின் தானங்களை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களுக்கும் பெயரிட்டனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமையாசிரியன் ஆகியோர்க்குரிய தகுதிகளை விரித்துரைக்கிறது. ஒரு நரம்பிலிருந்து அதன் ஐந்தாம் நரம்பாகிய இளியைச் செவியால் கண்டு, அவ்விளியிலிருந்து அடுத்த இளியைக் கண்டு, இவ்வாறே ஏழு சுரங்களையும் பிறப்பிக்கும் முறையை உரையாசிரியர் வழியாக அறிகிறோம். அளவுகோலும் மின்கருவியும் இல்லாத காலத்தில் செவியே இங்கு அளவுகோலாயிற்று. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் (1917), விபுலாநந்த அடிகளின் யாழ் நூலும் (1947) இம்முறையை இருபதாம் நூற்றாண்டினர்க்கு மீட்டளித்தன.

இப்பழைய முறைக்கும் இன்றைய பேஸ் கித்தாருக்கும் உள்ள உறவு வியப்புக்குரியது. அக்கருவியின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று குரலுக்கும் உழைக்கும் உள்ள இடைவெளியில், அதாவது சட்சமத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் உள்ள இடைவெளியில், சுருதி கூட்டப்படுகின்றன. குரலிலிருந்து இளிக்கு ஏறும் இடைவெளியைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது இதுவே. ஆகவே பேஸ் பயிலும் இளைஞன் முதலில் செவியில் இருத்த வேண்டியவை ச–ப, ச–ம என்னும் இரண்டு உறவுகள். இவை தமிழ்ப் பாணன் முதலில் கற்ற உறவுகளேயாகும்.

ஒத்து என்னும் பள்ளி

மெலிவுச் சுருதியைக் காக்கும் பொறுப்பு நாகசுரக் குழுவில் ஒத்துக்குரியது. தோற்றத்தில் நாகசுரத்தை ஒத்த இக்கருவியில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. கீழ்ப்பகுதியிலுள்ள சிறு துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பர். மூக்கால் மூச்சை வாங்கிக்கொண்டே, கன்னத்தில் தேக்கிய காற்றை வெளிவிட்டு, ஒரே சுரத்தை இடையறாது ஊதிக்கொண்டிருக்க வேண்டும். இப்பணி பெரும்பாலும் குழுவின் இளையோரிடம் ஒப்படைக்கப்பட்டது.

புறநோக்கில் இது சலிப்பூட்டும் ஏவல் வேலை. உண்மையில் இது ஒரு பள்ளி. சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக ஆதார சுருதியை ஊதும் சிறுவனின் செவியில், பெரியவர் வாசிக்கும் ஒவ்வொரு சுரமும் அந்த ஆதாரத்தோடு ஒப்பிடப்பட்டுப் பதிகிறது. இராக ஆலாபனையின் போக்கு, பல்லவியின் கணக்கு, எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்னும் நுட்பம் ஆகிய அனைத்தும் பாடம் என்னும் பெயரின்றியே அவனுக்குள் இறங்குகின்றன. சில ஆண்டுகள் ஒத்து ஊதியவன் நாகசுரத்தைக் கையிலெடுக்கும்போது செவி முன்னமே ஆயத்தமாகியிருக்கும்.

திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தையொட்டி நாகசுரக் கச்சேரிகளில் ஒத்து பின்தங்கி, தம்புராவும் சுருதிப்பெட்டியும் இடம்பெறலாயின. 1970-களின் இறுதியில் மின்னணுச் சுருதிக் கருவியும் வந்து சேர்ந்தது. சுருதி பிசகாமல் ஒலிக்கிறது, களைப்பதில்லை, கூலியும் கேட்பதில்லை. இம்மாற்றத்தால் இசைக்கு நன்மை விளைந்ததை மறுப்பதற்கில்லை. எனினும், ஓர் ஏழைச் சிறுவன் செலவின்றிச் செவியைப் பண்படுத்திக்கொள்ள மேடையில் அமைந்திருந்த இடம் அதனோடு மறைந்தது. கருவியை மாற்றியவர்கள் பள்ளியை மூடும் நோக்கம் கொண்டவர்கள் அல்லர். ஆயினும் பள்ளி மூடப்பட்டது.

காஞ்சியின் செவி

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. கயிலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவனின் விருதுப்பெயர்களுள் இசைக்கருவிப் புலமையைக் குறிப்பன சில, நாரதரையும் தும்புருவையும் அவனுக்கு ஒப்பிடுகின்றன. மன்னனின் பெயர் கல்லில் நின்றது. அவன் செவிக்குச் சுருதி பிடித்தவர் எவரென்பதைக் கல் சொல்லவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) லயப் புலமையால் புகழ்பெற்றார். பல பக்கவாத்தியங்களுடன் கூடிய அவருடைய கச்சேரிகளைக் கேட்பதே ஒரு கல்வியாயிருந்தது. அக்கச்சேரிகளில் சிறுமியாய் அமர்ந்து கேட்டவர்களுள் ஒருவர் டி. கே. பட்டம்மாள் (1919–2009). முறையான குருகுலவாசம் அவருக்கு வாய்க்கவில்லை. கேட்ட கீர்த்தனைகளை மனத்திலிருத்தி, வீடு திரும்பியதும் உடன்பிறந்தாரின் துணையுடன் சுரப்படுத்தி எழுதி வைத்துக் கற்றார். கேட்டல், மனத்தில் நிறுத்தல், பாடிப் பார்த்தல், எழுதிச் சரிபார்த்தல் என்னும் இந்நான்கு படிகளையே மேலை நாட்டு இசைப்பள்ளிகளும் செவிப்பயிற்சிப் பாடமாக வைத்துள்ளன. பல்லவி பாடுதல் ஆடவர்க்கே உரியது என்றிருந்த காலத்தில் பட்டம்மாள் அதனை மேடையில் பாடி நிலைநாட்டினார். வாயிற்கதவு அடைக்கப்பட்டவர்க்குச் செவி எத்தகைய வழியைத் திறக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வட்டாரத்தின் கூத்து மரபும் செவிவழிப்பட்டதே. சாலவாக்கத்தைச் சூழ்ந்த உத்திரமேரூர், செய்யாறு, காஞ்சிபுரம் பகுதிகளில் இரவு முழுதும் நிகழும் கூத்தில் ஆர்மோனியமும் முகவீணையும் மத்தளமும் ஒலிக்கின்றன. இளையோர் பின்பாட்டுப் பாடியே கட்டைகளையும் மெட்டுகளையும் கற்றனர். 1990-இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்துக்கு அருகில் குருகுலம் அமைத்து, சிறுவர்களோடு சிறுமியர்க்கும் இக்கலையைப் பயிற்றுவித்தமை குறிப்பிடத்தக்கது.

கைமாறும் கருவிகள்

செவி ஆயத்தமானாலும் கருவியின்றி இசை பிறவாது. கருவியோ விலைமிக்கது. எனவே பழங்கருவியைப் புதுப்பித்துக் கையாளுதல் தமிழ்நாட்டில் வறுமையின் அடையாளமாக அன்றி, மரபாகவே வளர்ந்தது. மிருதங்கத்தின் பலாமரக் கட்டை தலைமுறைகளைக் கடந்து நிற்கும். வலந்தலையும் தொப்பியும் தேயத் தேயத் தோல் மட்டும் மாற்றப்படும். பழைய வீணைக்கு மெழுகை நீக்கி மீண்டும் மேளம் கட்டுவர். 24 மெட்டுகளையும் உரிய இடத்தில் பதிக்கும் அவ்வேலை முற்றிலும் செவியை நம்பியது.

நாகசுரத்தின் வரலாறு இதனினும் சுவையானது. உயர்ந்த சுருதியுடைய குறுகிய திமிரி நாகசுரமே முன்பு பெருவழக்காயிருந்தது. நீளம் மிகுந்து சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தை இராசரத்தினம் பிள்ளை மேடையில் நிலைபெறச் செய்தார். நரசிங்கம்பேட்டை அரங்கநாதன் ஆசாரி அதனை உருவாக்கிக் கொடுத்தார். அவ்வூரில் நாகசுரம் செய்ய ஆச்சா மரம் பயன்படுகிறது. புதிதாய் வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண்களும் உத்திரங்களுமே ஏற்றவை. பல பதின்மங்கள் கூரையைத் தாங்கி ஈரம் முற்றும் வற்றிய மரமே வெடிப்பின்றி நின்று நாதம் தருகிறது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரம் புவிசார் குறியீடு பெற்றது. புத்தம்புதிய நாகசுரமும் ஒருவகையில் கைமாறிய பழம்பொருளே என்பது இதனால் விளங்கும்.

மேலைக் கருவிகளின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பியப் பாண்டு வாத்திய மெட்டுகளைச் செவியால் வாங்கி 'நோட்டுச் சுர' சாகித்தியங்களாக்கினார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். மேலைக் கருவியைத் தமிழ்ச் செவி ஏற்றுக்கொண்ட முதற்கட்டம் இது.

இரண்டாம் கட்டம் திரைப்படக் கூடங்களில் நிகழ்ந்தது. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் மெட்டுகள் பதித்த மின் பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்குமுன் ஆளுயர டபுள் பேசே மெலிவுச் சுருதியைத் தாங்கியது. சென்னைக் கூடங்களிலும் இம்மாற்றம் காலப்போக்கில் நிகழ்ந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று செவியைப் பண்படுத்திக்கொண்ட இளையராசா, சென்னைக்கு வந்தபின் தன்ராசு மாஸ்டரிடம் மேலை இசையின் எழுத்துமுறையைக் கற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளியானது. அதன்பின் வந்த அவருடைய பாடல்களில் பேஸ் கித்தார் தாளத்துக்குத் துணைபுரிவதோடு நில்லாமல், பாடும் மெட்டுக்கு எதிர்மெட்டாகத் தனிவழி நடக்கத் தொடங்கியது. பின்வரிசைக் கருவி முன்வரிசைக்கு நிகராகப் பேசிய காலம் அது.

இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் மிகுந்திருந்த, 1991-க்கு முந்திய பதின்மங்களில் வெளிநாட்டுக் கித்தார் எளிதில் கிட்டுவதன்று. ஒரு கருவி பலர் கைகளில் மாறி மாறி உழைத்தது. வாடகைக்கு விடுதலும் வழக்கமாயிருந்தது. 1976-இல் இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் குடும்பம் வாழ்க்கை நடத்தியது. அக்கருவிகளிடையே வளர்ந்த மகன் ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா' 1992-இல் வந்தது. பழங்கருவி ஒரு வீட்டின் அடுப்பை எரியவிட்டதுடன் ஒரு கலைஞனையும் வளர்த்தது.

உலக அரங்கிலும் இதற்கு இணை உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இசையெழுத்தைப் படிக்கக் கற்காமல் செவியாலேயே வாசித்தவர். 1961-இல் ஆம்பர்க்கு நகரில் அவர் வாங்கிய பேஸ் கித்தார் 1972-இல் களவு போயிற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து அது மீண்டும் அவரிடம் சேர்ந்த செய்தி 2024-இல் வெளியாயிற்று. எத்தனையோ புதிய கருவிகளை வாங்கும் வளம் படைத்தவரும் அப்பழைய கருவியையே தேடினார்.

செவியே துலாக்கோல்

பழைய பேஸ் கித்தாரை வாங்குவோர்க்கு விலைச்சீட்டைவிடச் செவியே சிறந்த வழிகாட்டி. தடித்த தந்தியின் ஐந்தாம் மெட்டை அழுத்தி மீட்டினால் எழும் சுரம் அடுத்த வெறுந்தந்தியின் சுரத்தோடு ஒன்ற வேண்டும். பன்னிரண்டாம் மெட்டின்மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் நாதமும், அதே மெட்டை அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாதல் வேண்டும். அழுத்திய சுரம் சற்றே ஏறி ஒலித்தால் குதிரையைப் பின்னுக்கு நகர்த்தித் தந்தியின் அதிர்நீளத்தைக் கூட்ட வேண்டும். தந்தி ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் அங்கு மெட்டு தேய்ந்திருக்கலாம். தண்டு வளைந்தும் இருக்கலாம். பூச்சு உதிர்ந்திருப்பது குறையன்று. தண்டு முறுக்கிக்கொண்டிருப்பதே குறை.

இச்சோதனைகள் எளியவையல்ல. பேஸ் கித்தாரின் அடித்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளையே எழுப்புகிறது. அத்தகைய தாழ்ந்த ஒலிகளில் மனிதச் செவியின் கூர்மை குறைவு. எனவே ஒரு சுரத்தை வாசிக்குமுன் அதனைத் தம் குரலுக்கு எட்டும் தானத்தில் பாடிப் பார்த்தல், பாடலின் ஆதார சுரத்தைக் கண்டு அதனை இடைவிடாது மனத்தில் நிறுத்தல், பின்னரே கருவியைத் தொடுதல் என்பது பயிற்சியின் ஒழுங்காகும். ஒத்து ஊதிய சிறுவன் செய்ததும் இதுவே.

நிறைவாக

கருவிகள் கைமாறும், செவி கைமாறுவதில்லை. தந்தையின் வீணை மகளுக்கு வரலாம். தந்தையின் செவியை மகளே உழைத்துப் பெற வேண்டும். அவ்வுழைப்புக்குரிய களங்களாக ஒத்தும் பின்பாட்டும் திருவிழாக் கச்சேரியும் ஊர்தோறும் அமைந்திருந்தன. இன்று விலை குறைந்த கருவிகள் கிடைக்கின்றன; சுருதியைக் காட்டும் மின்பொறி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆயினும் மணிக்கணக்காக ஒருவர் அருகிலிருந்து கேட்கும் வாய்ப்பு அருகிவருகிறது. சிற்றூர்களின் இலக்கிய அமைப்புகளும் பள்ளிகளும் தம் நிகழ்ச்சிகளில் ஓர் இளைஞனையோ இளம்பெண்ணையோ வித்துவானின் பக்கத்தில் அமர்த்தி, ஆதார சுருதியைப் பிடிக்கும் பொறுப்பை அளிக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு பழைய தம்புராவும் ஒரு பாயும் போதும்.