மதிப்பூதியமும் மனச்சான்றும்

மதிப்பூதியம் என்பது நயமான சொல். கூலி என்று சொல்ல நா கூசும் இடத்தில், மதிப்பு என்னும் சொல்லை முன்னிறுத்திப் பணம் கைமாறுகிறது. இலத்தீன் மொழியிலும் இதற்குரிய சொல் மதிப்பு என்னும் வேரிலிருந்தே பிறந்தது. கி.மு. 204-ஆம் ஆண்டிலேயே உரோமையர், மன்றத்தில் பிறருக்காக வழக்குரைப்பதற்குப் பணமோ பரிசோ பெறலாகாது என்று சின்சியா சட்டத்தின் வழியாகத் தடை விதித்தனர். ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. கி.பி. 47-இல் பேரரசர் கிளாடியுஸ், முற்றிலும் தடுக்க இயலாததற்கு வரம்பாவது கட்டுவோம் என்று எண்ணி, 10,000 செஸ்தர்சுக்கு மேல் பெறலாகாது என ஆணையிட்டார். பேச்சுக்கு விலை உண்டா என்னும் கேள்வி அத்துணைப் பழைமையானது.

நம் காலத்துக்கு அருகில் இக்கேள்வியோடு நெடுநாள் போராடிய நாடு அமெரிக்கா. 1968-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஜான்சன், உச்ச நீதிமன்ற நீதியரசர் ஏப் ஃபோர்ட்டாசைத் தலைமை நீதியரசராக உயர்த்த முன்மொழிந்தார். அப்போதுதான் அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் கோடைக்கால வகுப்புகள் நடத்தி 15,000 டாலர் பெற்றது வெளிவந்தது. அது அவருடைய ஆண்டு ஊதியத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு. மேலும், அத்தொகை பல்கலைக்கழகக் கருவூலத்திலிருந்து வரவில்லை. அவருடைய முன்னாள் வழக்குரைஞர் கூட்டாளி, வணிகப் பெருமக்கள் சிலரிடம் திரட்டித் தந்த பணம் அது. கற்பிப்பது குற்றமன்று. ஆனால், நாளை இவ்வணிகரின் வழக்கு அதே நீதியரசர் முன் வந்தால்? மேலவையில் எதிர்ப்பு வலுக்கவே முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு, ஒரு நிதியாளரின் அறக்கட்டளையிலிருந்து 20,000 டாலர் பெற்றுப் பின்னர்த் திருப்பித் தந்த செய்தியும் வெளியாக, 1969 மே மாதம் அவர் பதவி விலகினார்.

அரசியலாரிடத்திலோ இவ்வழக்கம் வேரோடியிருந்தது. தொழில் அமைப்புகள் தங்கள் மாநாடுகளுக்குச் சட்டமன்றப் பெருமக்களை அழைக்கும். பயணச் செலவும் விடுதிச் செலவும் அழைத்தவர்களுடையவை. சிற்றுரை முடிந்ததும் மதிப்பூதியமும் வந்துசேரும். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் உரைக்கு 1,000 டாலர், ஓர் ஆண்டுக்கு 15,000 டாலர் என வரம்பிட்டது. ஈராண்டுக்குள் அது 2,000, 25,000 என உயர்ந்தது. கட்டுப்படுத்த வந்த வேலி, கட்டுப்பட வேண்டியவர்களின் கையாலேயே நகர்த்தி நடப்பட்டது.

வேலியின் ஓட்டைகளும் விரைவில் வெளிப்பட்டன. கீழவைத் தலைவர் ஜிம் ரைட், தம் சிந்தனைகளை 117 பக்கச் சிறு நூலாக 1984-இல் வெளியிட்டார். அந்நூலில் அவருக்குரிய உரிமைத்தொகை 55 விழுக்காடு. நூல் வருவாய்க்கு வரம்பு கிடையாது. ஆகவே, உரைக்கு அழைத்த அமைப்புகள் மதிப்பூதியத்துக்குப் பதிலாக நூற்படிகளை மொத்தமாக வாங்கின என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், எனினும் விசாரணை முற்றிய நிலையில் 1989-இல் பதவி விலகினார்.

அதே ஆண்டின் தொடக்கத்தில், உறுப்பினர் ஊதியத்தை 89,500 டாலரிலிருந்து 1,35,000 டாலராக உயர்த்தும் திட்டம் மக்கள் சினத்தால் வீழ்ந்திருந்தது. ஆண்டு முடியுமுன் வேறொரு வழி பிறந்தது. நவம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் புஷ் கையெழுத்திட்ட நெறிமுறைச் சீர்திருத்தச் சட்டம், கீழவை உறுப்பினர் ஊதியத்தை உயர்த்தி, மதிப்பூதியத்தை அறவே தடுத்தது. 1991-இல் தடை நடைமுறைக்கு வந்தபோது ஊதியம் 1,25,100 டாலர். முதலில் விலகி நின்ற மேலவையும் அவ்வாண்டு ஆகஸ்டில் அதே ஊதியத்தையும் அதே தடையையும் ஏற்றது. விரும்பினால் 2,000 டாலர் வரையிலான தொகையை அழைப்பாளரே நேராக ஓர் அறப்பணிக்குத் தரலாம். ஆனால் உறுப்பினரோ குடும்பத்தாரோ அதனால் பயனடையலாகாது. பணியாளனுக்கு உரிய ஊதியத்தை மக்களே தரவேண்டும். தந்தபின், அவன் பிறரிடம் கையேந்தலாகாது. இந்த இரட்டைக் கடமையை அச்சட்டம் ஒன்றாகப் பிணைத்தது.

ஆனால் நல்ல நோக்கமும் அளவு கடந்தால் எளியோரை நசுக்கும். அத்தடை அரசின் கடைநிலை ஊழியர் வரை பாய்ந்தது. குவேக்கர் சமயத்தைப் பற்றி உரையாற்றிச் சிறுதொகை பெற்ற அஞ்சல் ஊழியர், கறுப்பின மக்களின் வரலாற்றைப் பேசிய விண்வெளிப் பொறியாளர், நடன நிகழ்ச்சிகளைத் திறனாய்ந்த நுண்ணுயிரியலாளர் ஆகியோர் வாயையும் அது கட்டியது. இவர்கள் பேச்சுக்கும் இவர்கள் அலுவலுக்கும் என்ன தொடர்பு? 1995-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய ஊழியர்மீதான தடையை நீக்கியது. ஹாதார்னும் மெல்வில்லும் சுங்கத்துறை ஊழியராக இருந்துகொண்டே எழுதியவர்கள் என்பதை நீதியரசர் ஸ்டீவன்ஸ் தம் தீர்ப்பில் நினைவூட்டினார். அவைகளின் உறுப்பினர்மீதான தடையோ நிலைத்தது.

பணத்துக்கு வாயில் அடைபட்டபோதும் பயணத்துக்குச் சாளரம் திறந்தே இருந்தது. பரப்புரையாளர் ஜாக் ஏப்ரமாஃப் ஏற்பாட்டில் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் ஆடிவந்த உறுப்பினர் பாப் நேய், 2007-இல் 30 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வாண்டுச் சட்டம், பரப்புரையாளர் செலவில் பயணம் செய்வதைத் தடுத்தது. ஃபோர்ட்டாஸ் விலகி அரை நூற்றாண்டு கடந்தபின், கேள்வி மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் வாயிலுக்கே வந்தது. நீதியரசர் தாமஸ் செல்வந்த நண்பர் ஒருவரின் செலவில் பல்லாண்டுகள் பயணம் மேற்கொண்டதும் அதனை அறிவிக்காததும் 2023-இல் வெளியாயின. அறிவிக்கத் தேவையில்லை என்றே தமக்கு ஆலோசனை கூறப்பட்டது என்றார் அவர். அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் தனக்கென ஒரு நடத்தை நெறித் தொகுப்பை வெளியிட்டது. அதனைச் செயற்படுத்தும் அமைப்பை மட்டும் அதில் காணோம்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கையூட்டில் கொடுப்பவன் ஒன்றைக் கேட்கிறான். மதிப்பூதியத்தில் அவன் எதையும் கேட்பதில்லை. அதுவே அதன் ஆபத்து. உண்ட வீட்டின்மீது தீர்ப்பெழுத நேரும்போது, நேர்மையாளன் கையும் சற்றே தயங்கும். அத்தயக்கத்தை அவனே அறியமாட்டான். ஆகவே சட்டம் 'எவ்வளவு பெற்றாய்?' என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. 'இப்பதவி இல்லாதிருந்தால் உன்னை இவர்கள் அழைத்திருப்பார்களா?' என்றும் கேட்க வேண்டும். அஞ்சல் ஊழியர் இக்கேள்விக்குத் தலைநிமிர்ந்து விடை கூறுவார். பிறர் செலவில் மேடையேறும் பதவியாளர் ஒவ்வொருவரும், பெட்டியைக் கட்டுமுன் அவ்விடையைத் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்துக்கொள்வது நன்று.