மைக் செட்டுக்குக் காசு கொடுத்தது யார்?

போயட்ரி ஸ்லாமைக் கண்டுபிடித்தவர் பேராசிரியரோ விமர்சகரோ இல்லை. கட்டட வேலை பார்த்தவர். மார்க் கெல்லி ஸ்மித் என்று பெயர், சிகாகோக்காரர். அந்தக் காலத்துக் கவிதை வாசிப்புக் கூட்டங்கள் அவருக்குத் தாங்க முடியாத போர். வாசிப்பவர் தாளைப் பார்த்து முணுமுணுப்பார், கேட்பவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். 1984இல் ‘கெட் மீ ஹை லௌஞ்ச்’ என்ற சின்ன பாரில் வாராவாரம் ஒரு வாசிப்பைத் தொடங்கினார். 1986 ஜூலையில் அது ‘கிரீன் மில்’ என்ற பழைய ஜாஸ் பாருக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை இரவு பாரில் கூட்டம் குறைவு, அதனால் கிடைத்த நாள் அது.

மதிப்பெண் போடும் போட்டிகூட பெரிய தத்துவம் யோசித்து வந்ததில்லை. நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியை எதைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும், அவ்வளவுதான். பின்னாளில் விதிகள் இறுகின. ஒருவருக்கு மூன்று நிமிடம். வாத்தியம், வேஷம் எதுவும் கூடாது. கூட்டத்திலிருந்து ஐந்து பேரைப் பிடித்து நடுவர் ஆக்குவார்கள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டினால் உச்சம் 30. கவிதை பிடிக்காவிட்டால் விரலைச் சொடுக்கலாம், காலால் தரையைத் தட்டலாம். ஹரால்ட் ப்ளூம் மாதிரியான பெரிய விமர்சகர்கள் இதைக் கலையின் சாவு என்கிற அளவுக்குத் திட்டினார்கள். அந்த பார் அசரவில்லை. 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் தேசிய அளவிலான முதல் ஸ்லாம் போட்டி நடந்தது. அப்புறம் உலகமெல்லாம் பரவி, பெங்களூர் பப்கள் வரைக்கும் வந்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது பெங்களூரில்தான். அங்கே நாலைந்து ஓபன் மைக்குகளில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டில் வாசித்தும் இருக்கிறேன். எஞ்சினியர் புத்தியோ என்னவோ, கவிதையைவிட அதற்குப் பின்னால் ஓடும் கணக்கில்தான் எனக்குக் கவனம் போகும். மைக் யாருடையது, கரண்ட் பில் யார் கட்டுகிறார்? சிகாகோவில் பதில் சுலபம். கவிதைக்குக் காசு கொடுத்தது பீர். பார் முதலாளிக்குக் காலியான ஞாயிறு நிரம்பியது, கவிஞர்களுக்கு வாடகையில்லாத மேடை கிடைத்தது. உள்ளே வந்து ஒரு கிளாஸ் வாங்கக்கூடிய எவருக்கும் மைக் திறந்திருந்தது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம்ம ஊர்க் கதையைப் பார்க்கலாம்.

கள்ளும் கவிதையும் நமக்குப் புதுசில்லை. அதியமான் இறந்தபிறகு ஔவை பாடிய புறநானூற்றுக் கையறுநிலை, அவனோடு கள் பகிர்ந்த நினைவிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே பில் கட்டியவன் அதியமான். ஆகவே பாட்டும் அதியமானைப் பற்றியது. குறையாகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் ஸ்லாம் என்றால் கவியரங்கம்தான். பந்தல், தலைமைக் கவிஞர், ஆளுக்கொரு தலைப்பு. ஒருவரைச் சீண்டியபடியே அடுத்தவரை மேடைக்கு அழைக்கும் சாமர்த்தியம். கேட்பவர்கள் இங்கே எப்போதுமே வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. நல்ல வரி விழுந்தால் கைதட்டல், ‘இன்னொரு தடவை!’ என்று சத்தம், கவிஞரும் அந்த வரியைத் திரும்பச் சொல்லுவார். சிகாகோவில் மெனக்கெட்டு உருவாக்க வேண்டியிருந்த சத்தம், மாநாட்டுப் பந்தல்களில் தானாகவே இருந்தது. 1969இல் அண்ணா மறைந்தபோது கருணாநிதி வானொலியில் வாசித்த இரங்கற்பாவை அந்தத் தலைமுறை ஆட்கள் இன்றும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்காட்டுவார்கள்.

ஆனால் அந்த மைக் திறந்த மைக் இல்லை. அழைப்பிதழில் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். பணம் கட்சியுடையது, தமிழ் மன்றத்துடையது, வானொலியுடையது. தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்.

புதுக்கோட்டைக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு சேரும்வரை இது தனி சமஸ்தானம். சின்ன ஊர்தான், ஆனால் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணதாசன் இளம் வயதில் வேலை பார்த்த ‘திருமகள்’ இங்கிருந்து வந்ததுதான். 1947இல் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்து தொடங்கிய ‘பொன்னி’, ‘பாரதிதாசன் பரம்பரை’ என்ற வரிசையில் இளம் கவிஞர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தியது. என் பார்வையில் அதுவும் ஒருவகை ஓபன் மைக். பெயர் தெரியாத ஒரு பையன் தபாலில் ஒரு கவிதையை அனுப்பி, மேடைக்காரர்கள் வரிசையில் போய் நிற்கலாம். ஒலிபெருக்கிக்குப் பதிலாக அச்சகம்.

1959இல் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ வந்து புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது கவிதை காதிலிருந்து கண்ணுக்கு மாறியது. தனியாக, மௌனமாக வாசிக்க வேண்டிய கவிதை. நானும் அந்தப் பக்கம் வளர்ந்தவன்தான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பழக்கம், ‘மேடைக் கவிதை’ என்று சொன்னாலே உதட்டைச் சுழிக்கிற பழக்கம், எனக்குச் சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது. கேட்கக் கேட்க ஒரு கூட்டத்தையே உட்கார வைப்பது சாதாரண வேலையா?

அதைச் செய்தவர் கந்தர்வன். இயற்பெயர் நாகலிங்கம், ராமநாதபுரம் மாவட்டம் சிக்கலில் 1944இல் பிறந்தவர். அரசு ஊழியராகப் புதுக்கோட்டையில் வாழ்ந்தார், அரசு ஊழியர் போராட்டங்களில் முன்னால் நின்றார். ‘சாசனம்’ சிறுகதையால் இன்று அதிகம் அறியப்படுகிறார். மகேந்திரன் அதைப் படமாக எடுத்தார். ஆனால் மேடையில் கவிதை சொன்ன கந்தர்வனைக் கேட்டவர்கள் கதைகளைவிட அந்தக் குரலைத்தான் முதலில் பேசுவார்கள். 1975இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம், பின்னாளில் ‘கலைஞர்கள்’ என்ற சொல்லும் சேர்ந்து தமுஎகச ஆனது. அது ஊர் ஊராக நடத்திய கலை இலக்கிய இரவுகள்தான் அவருடைய களம். சாயங்காலம் தொடங்கி விடியும்வரை தெருவை மறித்த மேடை. தப்பு, கரகம், நாட்டுப்பாட்டு, நாடகம், நடுநடுவே கவிதை. இங்கே கணக்கு வேறு. கடைகடையாக ஏறி இறங்கி வசூல், தொழிற்சங்கங்களின் நன்கொடை, ரசீது புத்தகம். டிக்கெட் கிடையாது. தரையில் துண்டை விரித்து உட்காரலாம். பெண்கள் குழந்தைகளோடு வந்தார்கள், தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை கேட்டார்கள். ஆனால் மேடையில் பெரும்பாலும் ஆண்கள்தான்.

பெண்கள் மைக்குக்கு முன்னால் வந்தது வேறு வழியாக. அதைப் பற்றி இன்னும் ஒழுங்காக இலக்கிய வரலாற்றில் எழுதப்படவில்லை என்பது என் வருத்தம். கல்வி, வளர்ச்சி என்ற அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த வழியில் 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பாடம் சொல்லிக்கொடுத்த தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் வேலை பார்த்த பெண்கள் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து எழுதிப் பழகினார்கள். பாடப் புத்தகம் அம்மா, ஆடு என்று தொடங்கவில்லை. பட்டா, படி என்று தொடங்கியது. நிலத்துக்குப் பட்டா, அதைப் புரிந்துகொள்ளப் படி. கூட்டம் சேர்த்தது பாட்டும் நாடகமும். கலைஜாதா வண்டி ஊருக்குள் வந்தால் மைக் முதலில் குழுவிடம் இருக்கும், கொஞ்ச நேரத்தில் ஊர்க்காரர்களிடம் போய்விடும்.

என் பெரியம்மா அப்படி ஒருமுறை மைக் பிடித்தவர். ஆலங்குடி பக்கம் எங்கள் ஊர். நடவுப் பாட்டு மெட்டில் சொந்தமாக நாலு வரி கட்டி, ரேஷன் கடையில் எடை குறைப்பதைப் பாடினாராம். பாடி முடித்து மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்பதை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்று நிமிடம்கூட இருந்திருக்காது. நான் பார்த்த எந்த ஸ்லாம் கவிதையிலும் இவ்வளவு நேரடியான எதிரி இருந்ததில்லை, ரேஷன் கடைக்காரர் கூட்டத்திலேயே நின்றிருந்தார்.

சைக்கிள் கதை எல்லாருக்கும் தெரியும். பி. சாய்நாத் எழுதி, பள்ளிப் பாடத்துக்கே வந்துவிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்டவர்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். அந்த இயக்கத்துக்கு ஒரு சைக்கிள் பாட்டு இருந்தது, அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதியது. எழுதியவர் ஆண், ஆனால் ஊர் ஊராகக் கொண்டுபோனது சைக்கிளில் போன பெண்கள். சாயங்காலக் கூட்டத்துக்குப் போய்விட்டு யாரையும் எதிர்பார்க்காமல் வீடு திரும்ப முடியும் என்பது ஓபன் மைக்குக்கு எவ்வளவு அடிப்படையான விஷயம்!

அதே நேரத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்திலும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அங்கே பெண்கள் படித்த பாடங்களில் குடியால் சிதைந்த குடும்பத்தின் கதையும் இருந்தது. தூபகுண்டா என்ற கிராமத்தில் ரோசம்மா முதலான பெண்கள் சாராயக் கடையை மறித்தார்கள். ஊர் ஊராகப் பற்றிக்கொண்டது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. சிகாகோவில் பீர் கவிதைக்குச் சோறு போட்டது. இங்கே பெண்கள் எழுதக் கற்றுக்கொண்ட கையோடு எதிர்த்த முதல் விஷயங்களில் ஒன்று சாராயம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் என் கல்லூரி நண்பன். வொர்க் ஃப்ரம் ஹோம் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். ‘நம்ம புதுக்கோட்டைல வாராவாரம் ஒரு ஸ்லாம் போடுவோம்டா. ஹோட்டல் பார்ல பேசிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் இடம் சும்மாவே தர்றாங்க, மைக்கும் அவங்களோடது’ என்றான்.

சும்மாவா?

பார் வேண்டாம் என்பது ஒழுக்கப் பிரச்சினை இல்லை. குடிப்பவர்கள் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, நானும் குடிப்பவன்தான். ஆனால் சிகாகோவில் ஒரு பேட்டை ஆட்கள் ஆணும் பெண்ணுமாகக் கூடுகிற இடம் பார். 2003இலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் இருக்கிற நம்ம ஊரில் பார் என்றால் பாதி ஊர் வாசலைக்கூட மிதிக்காத இடம். ஏசி போட்டாலும் அதுதான். அங்கே வைக்கிற மைக்குக்கு ‘ஓபன்’ என்று பெயர் வைத்தால் யாருக்குத் திறந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவனிடம் சொன்னேன். ‘அப்ப காசு நீ குடு’ என்றான். நியாயமான பதில். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு அரசாங்கத் திட்டமும், ஒரு ரசீது புத்தகமும் இருந்தன. இப்போது எங்களிடம் ஜிபே இருக்கிறது.

புதுக்கோட்டையில் ‘வீதி’ கலை இலக்கியக் களம் மாதாமாதம் கூடுகிறது. புதிதாக எழுதுகிறவர்கள் வாசிக்கிறார்கள், அங்கேயே விமர்சனம் வருகிறது. மதிப்பெண் கிடையாது. முதலில் நாலு மாதம் அங்கே போய் உட்காரலாம் என்பது என் யோசனை. அவனுக்கு ஸ்லாமின் போட்டிதான் முக்கியம், ஐந்து நடுவர், பத்துப் பத்தாக மதிப்பெண், கூச்சல். அதுவும் எனக்குப் பிடித்ததுதான், விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நகர்மன்றத்துக்கு ஒரு ஞாயிறு மத்தியானம் எவ்வளவு வாடகை என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். பத்துப் பேர் பங்கு போட்டால் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். கூடவே ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர் பக்கம் போகும் பஸ்களின் சாயங்கால நேரங்களையும் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். நிகழ்ச்சியை எத்தனை மணிக்கு முடிப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.