மலையேற்றத்தை அளந்த வரலாறு

மிதிவண்டி ஓட்டத்தின் விரைவை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கூறுவது வழக்கம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும் சாலைக்கு அக்கணக்குப் போதும். கோம்பாக்கைக் கடந்து கெந்திங் மலையில் ஏறத் தொடங்கினால் போதாது. செங்குத்தான இடத்தில் வல்லவரும் மெல்லவே செல்வர். சரிவு குறைந்த இடத்தில் எளியவரும் விரைவர். அங்ஙனமாயின் இருவேறு மலைகளில் ஏறிய இருவரை ஒப்பிடுவது எவ்வாறு?

1952-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சுற்றோட்டத்தின் ஒரு கட்டம் முதன்முறையாக ஆல்ப் துவேஸ் மலைமீது முடிவுற்றது. இத்தாலியரான பௌஸ்டோ கோப்பி அதில் வென்றார். பிற்காலத்தில் மிக்கேலே பெராரி என்னும் இத்தாலிய மருத்துவர், தூரத்தை விடுத்து, ஒரு மணி நேரத்தில் ஓட்டக்காரர் எத்தனை மீட்டர் உயரம் ஏறினார் என்று கணக்கிடும் முறையைப் பரப்பினார். 30 நிமிடங்களில் 700 மீட்டர் உயர்ந்தவரின் ஏற்ற விரைவு மணிக்கு 1,400 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 70 கிலோ எனின், புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 267 வாட் ஆற்றல் வேண்டும். காற்றின் தடையும் உராய்வும் இதற்குப் புறம்பாம்.

மலேசியாவில் இக்கணக்குக்கு உரைகல்லாக அமைந்தது கெந்திங் மலையே. லங்காவிச் சுற்றோட்டம் 1996-இல் தொடங்கிற்று. 2013-இல் ஜூலியன் அரெடொண்டோவும் 2022-இல் இவான் சோசாவும் கெந்திங் ஏற்றத்தில் வென்று, அவ்வவ்வாண்டின் முழுப் போட்டியையும் வென்றனர். இருவரும் கொலம்பியர். ஆயினும், இவருள் விரைந்தவர் யார் என்பதைக் கடிகாரம் ஒன்றே சொல்லிவிடாது. அன்றைய காற்று, முந்தைய நாள்களின் களைப்பு, உடன் வந்தோர் காட்டிய வேகம் ஆகியவையும் நேரத்தை மாற்றும்.

அனைத்தினும் முதன்மையானது, அடிவாரம் எது என்னும் வினா. ஆல்ப் துவேஸ் மலையில் மார்க்கோ பந்தானி 1990-களில் ஏறிய நேரங்கள் பலவாறு கூறப்படுவதற்கு, அளக்கத் தொடங்கிய இடம் வேறுபட்டதே ஒரு காரணம். மேற்கண்ட 700 மீட்டர் ஏற்றத்தில் 35 மீட்டரைத் தவறாகக் கூட்டிவிட்டால், 1,400 என்பது 1,470 ஆகிவிடும்.

இப்பிழை சிறிதன்று. ஊக்கமருந்து பற்றிய ஐயம் எழும்போது இவ்வெண்களே சான்றுபோல் எடுத்துக்காட்டப்படுகின்றன. இம்முறையைப் பரப்பிய பெராரியே ஊக்கமருந்துக் குற்றத்திற்காக 2012-இல் வாழ்நாள் தடை பெற்றார். ஒருவர் அளவுக்கு மீறி விரைந்தார் என்று எண் கூறுமாயின், மேலும் ஆராய்வதற்கு அது காரணமாகலாம், அதுவே தீர்ப்பாகாது. அடிவாரக் கோட்டைத் திருத்தமாக வரையாமல் ஒருவர் நேர்மையை அளப்பது அறமுமன்று, அறிவியலுமன்று.