பேண்டைக் கலைச்சப்புறம் ஹிட்டான பாட்டு

அறுபதுகளோட இங்கிலாந்துன்னாலே பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ்னு ஆரம்பிச்சிடுவோம். அவங்களைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நான் எழுத வந்தது ஸோம்பீஸ் பத்தி. பேரைப் பாத்து பயந்துடாதீங்க மக்களே, ரொம்ப சாதுவான பசங்க :-)

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ்னு ஒரு ஊர். 1961ல் அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் சேர்ந்து ஆரம்பிச்ச பேண்டு இது. முதல்ல பாடறதா இருந்தது ராட் ஆர்ஜென்ட். காலின் பிளன்ஸ்டோன் வெறும் கிடார். ஒத்திகை இடைவேளையில ஆர்ஜென்ட் அங்கே கிடந்த பியானோவை வாசிக்க, பிளன்ஸ்டோன் அசந்துபோய் "நீ கீபோர்டு வாசி"ன்னார். பிளன்ஸ்டோன் சும்மா பாடினதைக் கேட்டுட்டு ஆர்ஜென்ட் "அப்ப நீ பாடு"ன்னுட்டார். கிடாருக்கு பால் அட்கின்சன், டிரம்ஸுக்கு ஹ்யூ கிரண்டி. பாஸ் கிடார் வாசிச்சவர் டாக்டருக்குப் படிக்கப் போயிட, அந்த இடத்துக்கு வந்தவர் கிரிஸ் வைட்.

1964ல் உள்ளூர் பீட் போட்டி ஒண்ணுல ஜெயிச்சாங்க. டெக்கா கம்பெனி கூப்பிட்டது. தயாரிப்பாளர் கென் ஜோன்ஸ், "நீங்களே ஏதாவது எழுதிட்டு வாங்களேன்"னு போறபோக்குல சொன்னதை ஆர்ஜென்ட் சீரியஸா எடுத்துக்கிட்டு எழுதினதுதான் 'ஷீ இஸ் நாட் தேர்'. ரெக்கார்டிங் அன்னிக்கு இன்ஜினியர் முழு போதை! அவரை டாக்ஸியில ஏத்தி அனுப்பிட்டு உதவியாளரா இருந்த சின்னப் பையன் மிச்சத்தை முடிச்சான். அவர் கஸ் டட்ஜன், பின்னாடி எல்டன் ஜானோட தயாரிப்பாளர்.

பாட்டு அமெரிக்க பில்போர்டில் 2வது இடம், இங்கிலாந்தில் 12. அடுத்த வருஷம் 'டெல் ஹெர் நோ' அமெரிக்காவில் 6. அதுக்கப்புறம் சரிவு. பாட்டுல குறையில்ல, அந்தக் காலத்துக்கு அது கொஞ்சம் நாசூக்கு ஜாஸ்தி என்பது என் கட்சி. கிடார் அலற வேண்டிய இடத்துல எலக்ட்ரிக் பியானோ, கத்த வேண்டிய இடத்துல மூச்சுக்காத்து மாதிரி ஒரு குரல். யாரு வாங்குவா?

இங்கே ஒரு காசு விஷயம் சொல்லியாகணும், கதையே அதுலதான் இருக்கு. பாட்டு எழுதினவங்களுக்கு ராயல்டி வரும். ஆர்ஜென்டும் வைட்டும் எழுதினாங்க, அதனால ஓரளவு தாங்கினாங்க. பாடின பிளன்ஸ்டோனுக்கும், அட்கின்சனுக்கும், கிரண்டிக்கும் கச்சேரிக் காசு மட்டும்தான். 1967ல் மணிலாவில் ஆயிரக்கணக்கான ஜனங்க முன்னாடி வாசிச்சாங்க. கைக்கு வந்தது சொற்பம். ஊருக்கே தெரிஞ்ச குரலுக்குச் சொந்தக்காரர், பாக்கெட்டுல ஒண்ணும் கிடையாது. என்ன கொடுமை சார் இது!

கலையப் போறோம்னு தெரிஞ்சே, போறதுக்கு முன்னாடி நம்ம இஷ்டத்துக்கு ஒரு ஆல்பம் பண்ணிடுவோம்னு இறங்கினாங்க. சிபிஎஸ் கம்பெனி தந்தது 1000 பவுண்டு. 1967 ஜூனில் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள்ள போனாங்க. பீட்டில்ஸ் அப்பதான் 'சார்ஜென்ட் பெப்பர்' முடிச்சுட்டுக் கிளம்பியிருந்தாங்க. ஜான் லெனனோட மெலட்ரான் அங்கேயே கிடந்தது, அதையும் இவங்க விடலை. ஒரு கீயை அழுத்தினா வயலின், புல்லாங்குழல்னு டேப்புல பதிஞ்ச சத்தம் வரும் பொட்டி அது. வாத்தியக் குழுவைக் கூப்பிட காசில்லாதவங்களுக்கு வரப்பிரசாதம்.

ஸ்டுடியோ நேரமெல்லாம் கணக்குப் போட்டு செலவு பண்ணாங்க. வெளியவே ஒத்திகை பாத்துட்டு வந்து மளமளன்னு பதிவு. கடைசியா எழுதினது 'டைம் ஆஃப் தி சீசன்'. அதை எப்படிப் பாடணும்னு ஆர்ஜென்ட் திருத்திக்கிட்டே இருக்க, பிளன்ஸ்டோன் கடுப்பாகி "அவ்வளவு தெரிஞ்சா நீயே வந்து பாடேன்"னு கத்தினாராம். அப்படிச் சண்டை போட்டுட்டுப் பாடின பாட்டு மாதிரியா இருக்கு அது?

ஆல்பத்தை முடிச்சுக் கொடுத்தா கம்பெனி ஸ்டீரியோ வேணும்னது. பட்ஜெட் காலி. ஆர்ஜென்டும் வைட்டும் சொந்தக் காசைப் போட்டு ஸ்டீரியோ மிக்ஸ் பண்ணிக் கொடுத்தாங்க. அட்டைப்படம் வரைஞ்ச நண்பர் 'ஒடிசி அண்ட் ஆரக்கிள்' பேர்ல 'ஒய்' வரவேண்டிய இடத்துல 'இ' போட்டுட்டார். வேணும்னேதான் அப்படி வெச்சோம்னு பின்னாடி சமாளிச்சுப் பாத்தாங்க.

ஜெயில்ல இருந்து திரும்பப் போற காதலியை எதிர்பார்த்துப் பாடற 'கேர் ஆஃப் செல் 44' சிங்கிளா வந்து ஊத்திக்கிச்சு. அட்கின்சனுக்குக் கல்யாணம் வேற. 1967 டிசம்பரோட பேண்டு முடிஞ்சது. ஆல்பம் வந்தது 1968 ஏப்ரலில், யாரும் சீந்தலை. பிளன்ஸ்டோன் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தார்.

அமெரிக்காவில் ஆல் கூப்பர்னு ஒரு இசைக்கலைஞர், இங்கிலாந்துல வாங்கின இந்த ரெக்கார்டைக் கேட்டுட்டு அங்கே வெளியிட்டே ஆகணும்னு கொலம்பியா கம்பெனியை நச்சரிச்சார். கம்பெனி முதல் சிங்கிளா எதை விட்டது தெரியுமா? முதல் உலகப்போர் சிப்பாய் புலம்பற 'புட்சர்ஸ் டேல்'! அப்புறம்தான் 'டைம் ஆஃப் தி சீசன்'. 1969 மார்ச்சில் பில்போர்டில் 3வது இடம். பாடினவங்க பேண்டே இல்லை!

ஆளில்லாத வீட்ல திருடன் புகுந்த மாதிரி, அமெரிக்காவில் போலி ஸோம்பீஸ் கிளம்பினாங்க. டெக்சாஸ் கோஷ்டி ஒண்ணுல கீபோர்டே கிடையாது. அதுல இருந்த டஸ்டி ஹில்லும் ஃபிராங்க் பியர்டும் பின்னாடி இஸட் இஸட் டாப்ல சேர்ந்து உலகப் புகழ் ஆனது தனிக்கதை. அசல் ஆளுங்க மறுபடி சேர மறுத்துட்டாங்க. ஆர்ஜென்டும் வைட்டும் புது பேண்டு வேலையில இருந்தாங்க. அந்த 'ஆர்ஜென்ட்' 1972ல் 'ஹோல்ட் யுவர் ஹெட் அப்' கொடுத்தது. பிளன்ஸ்டோன் 1971ல் 'ஒன் இயர்' ஆல்பத்தோட தனிப்பாடகராத் திரும்பினார். அட்கின்சன் ரெக்கார்டு கம்பெனி அதிகாரி ஆனார்.

ஆல்பம் முழுசையும் மேடையில வாசிச்சது 2008 மார்ச்சில், லண்டன்ல, 40 வருஷம் கழிச்சு. அட்கின்சன் 2004லயே போயிட்டார். 2019ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. 2024ல் பக்கவாதம் வந்ததால ஆர்ஜென்ட் கச்சேரிப் பயணத்தை நிறுத்திட்டார்.

கேக்காதவங்க நேரா ஹிட்டுக்குப் போகாம 'ஏ ரோஸ் ஃபார் எமிலி'ல ஆரம்பிங்க. ஒரு பியானோ, சில குரல்கள், அவ்வளவுதான். மெலட்ரானும் செல்லோவும் சேர்த்துப் பாத்துட்டு வேண்டாம்னு எடுத்துட்டாங்க. ஹெட்போன் அவசியம்.