திரும்பிப் போக டிக்கெட்

லீவுக்குக் குடும்பத்தோடு மதுரைக்கு வந்து, சிம்மக்கல்லில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மீனாட்சியம்மன் தரிசனம். மத்தியானம் பரவைப் பக்கம் இருக்கும் அதிசயம் பார்க். மூத்தவன் நேற்றிலிருந்தே 'ராட்டினம், ராட்டினம்' என்று குதித்துக்கொண்டிருக்கிறான். சின்னதுக்கு வயது ஒன்றரை. மதுரை வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. நேரே ரிசப்ஷனுக்குப் போய், ''குழந்தையை ஒரு நாலு மணி நேரம் பாத்துக்க யாராவது இருக்காங்களாண்ணே?'' என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ''ஏன் சார், வீட்ல பெரியவங்க யாரையும் கூட்டிட்டு வரலையா?''

நியாயமான கேள்விதான். நம் ஊரில் 'பேபி சிட்டர்' என்றால் பாட்டி! பார்க்குக்குப் போனால் ராட்டினத்துக்குக் கீழே பாருங்கள். குடும்பத்தின் செருப்புகள், தண்ணீர் பாட்டில், தூங்குகிற பேரன் எல்லாவற்றையும் காவல் காத்தபடி ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். சம்பளம் கிடையாது. டெல்லி அப்பளம் ஒன்று கிடைக்கும்.

அமெரிக்காவில் கதை வேறு. 1971-ல் ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு திறந்தார்கள். அங்கே ஹோட்டல்களிலேயே குழந்தைகளை மணிக்கணக்கில் விட்டுவிட்டுப் போக மையங்கள் வந்தன. 2018-ல் அந்த மையங்களை மூடிவிட்டார்கள். இப்போது வெளியிலிருந்து ஆள் வந்து, உங்கள் அறையிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. மணிக்கு இவ்வளவு டாலர், குறைந்தது இத்தனை மணி நேரம் என்று கறாராக ரேட் உண்டு.

இதைச் சொன்னால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி: ''முன்னே பின்னே தெரியாத ஒரு பொம்பளைகிட்ட புள்ளையக் குடுத்துட்டுப் போறதா? நம்பலாமா?''

அந்த 'நம்பலாமா'வைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சரித்திரச் சுற்றுலா போய்விட்டு வருவோம்.

*

முதலில் சிகாகோ. வருடம் 1893. கொலம்பஸ் அமெரிக்கா பக்கம் வந்து 400 வருடம் ஆனதைக் கொண்டாட ஒரு மாபெரும் கண்காட்சி (ஒரு வருடம் லேட்!). ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி ஊக்கம் கொடுக்க, விவேகானந்தர் போய்ப் பேசினாரே, சர்வ சமய மாநாடு... அது இந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான்.

அங்கேதான் ஃபெர்ரிஸ் என்ற இன்ஜினீயர் 264 அடி உயரத்தில் ஒரு ராட்சத ராட்டினத்தை நிறுத்தினார். 36 கூண்டுகள். இன்று ஊர் ஊருக்குச் சுற்றும் ஜெயன்ட் வீலுக்குத் தாத்தா அதுதான். பின்னாளில் வந்த கேளிக்கைப் பூங்காக்களுக்கெல்லாம் முன்மாதிரியும் அந்தக் கண்காட்சியில் இருந்த கேளிக்கைத் தெருதான். ஆறு மாதத்தில் 2 கோடியே 70 லட்சம் தடவைக்கு மேல் மக்கள் உள்ளே நுழைந்தார்கள்.

கைக்குழந்தைக்காரிகள் என்ன செய்வார்கள்? கண்காட்சியின் பெண்கள் குழு அதையும் யோசித்தது. குழந்தைகளுக்கென்றே ஒரு தனிக் கட்டடம் எழுப்பினார்கள். மொட்டை மாடியில் விளையாட்டுத் திடல், உள்ளே உடற்பயிற்சிக் கூடம், கைக்குழந்தைகளுக்குத் தொட்டில், பார்த்துக்கொள்ளச் செவிலியர்கள். குழந்தையை விட்டுவிட்டுப் போய் அம்மா நிம்மதியாகச் சுற்றிவிட்டு வரலாம். ஆக, ராட்சத ராட்டினமும் காசு கொடுத்துப் பிள்ளை பார்க்கும் ஏற்பாடும் ஒரே இடத்தில், ஒரே வருடத்தில் கைகோத்துவிட்டன.

ஆனால், உல்லாசப் பயணத்தில் பிள்ளையை இன்னொருவர் தலையில் கட்டுவது சிகாகோக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அதைப் பார்க்க நாம் சிம்மக்கல்லுக்கே திரும்ப வேண்டும்.

சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் தாண்டி, 1889-ல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் ஏறி வைகையைக் கடந்தால் கோரிப்பாளையம். கொஞ்சம் தள்ளி அமெரிக்கன் கல்லூரி. அந்தக் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், 1834-லேயே மதுரைக்கு வந்துவிட்டது. பாஸ்டன் பனியில் வளர்ந்தவர்களுக்கு மதுரைக் கோடை எப்படி இருந்திருக்கும்! காலரா வேறு. வரிசையாகச் சாவு விழுந்தது. 'மலைக்குப் போனால்தான் பிழைப்போம்' என்று முடிவு கட்டி, 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று நாம் தேனிலவுக்கும் சம்மர் லீவுக்கும் போகும் கொடைக்கானல் ஆரம்பித்தது இப்படித்தான்.

போவது லேசில்லை. ரயில் மதுரையைத் தொட்டதே 1875-ல்தான். அதற்கு முன் ராத்திரியெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் போய், அங்கிருந்து ஒற்றையடி மலைப் பாதை. துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில். தூக்கியது நம் ஊர்த் தோள்கள். மேலே போன பிறகு குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தாலாட்டித் தூங்கவைக்க வெள்ளைக்காரக் குடும்பங்களோடு கூடப் போனவள், ஆயா.

'ஆயா' நம் வார்த்தை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செட்டிநாட்டில் அம்மாவைப் பெற்றவளே ஆயாதான். ஆனால் வேலைக்கார 'ஆயா' இந்தியாவுக்குள் நுழைந்தது போர்ச்சுக்கீசியர்கள் வழியாக. அவர்கள் மொழியில் 'ஐயா' என்பதுபோல ஒலிக்கும் ஒரு சொல். பிள்ளை வளர்க்கும் தாதி என்று பொருள். அதை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டு, அகராதியிலும் ஏற்றிவிட்டார்கள்.

*

இப்போது கப்பல் ஏறுவோம். கதையின் முக்கியமான இடம் இதுதான்.

கொடைக்கானல் கோடைக்கு. தாய்நாட்டுக்குப் போக வேண்டுமென்றால்? 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் போன பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் லீவுக்கு லண்டன் போய் வருவது சகஜமாயிற்று. கப்பலில் மூன்று, நாலு வாரம் கைக்குழந்தையோடு என்ன செய்வது? மதராஸ், பம்பாய், கல்கத்தாவில் ஓர் ஆயாவைப் பிடித்தார்கள். கடல் கொந்தளிப்பில் துரைசானி படுத்துவிடுவாள். ஆயா படுக்க முடியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்தில் நடப்பாள்.

இதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் இருந்தார்கள். பெரைரா என்ற ஆயா, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 54 முறை போய் வந்ததாகச் சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து இந்தியாவில் எத்தனை ஜமீன்தார்கள் 54 முறை கடல் தாண்டியிருப்பார்கள்?

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்றுதான் கண் போகும். ஆயாவின் கணக்கில் சம்பளத்தைவிட முக்கியமான ஒன்று இருந்தது. திரும்பிப் போக டிக்கெட்!

போகும்போது ஆயா, குடும்பத்துக்குத் தேவை. லண்டனில் இறங்கியதும்? அங்கே தாதிகள் கிடைப்பார்கள். ஆயா ஒரே ராத்திரியில் சொத்துக் கணக்கிலிருந்து செலவுக் கணக்குக்கு மாறிவிடுவாள். நல்ல குடும்பங்கள் ரிட்டர்ன் டிக்கெட் கொடுத்தன. மற்றவர்கள் வீதியில் விட்டார்கள். 1908-ல் ஓர் ஆயாவை லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில், கையில் ஒரே ஒரு பவுனோடு விட்டுவிட்டுப் போனார்கள். பாஷை அரைகுறை. குளிர். ஊர் ஆறாயிரம் மைலுக்கு அப்பால்.

இப்படித் தவித்தவர்களுக்காகவே லண்டனில் ஓர் 'ஆயாக்கள் இல்லம்' நடந்தது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்தது. 1900-ல் ஒரு கிறிஸ்தவ மிஷன் பொறுப்பேற்று, ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26-ஆம் எண் வீட்டுக்கு மாற்றியது. பிரசங்கம் உண்டு, மத மாற்ற ஆசையும் உண்டு. ஆனாலும் படுக்கை இருந்தது, சோறு இருந்தது.

இல்லத்தின் நிர்வாகம் சுவாரஸ்யமானது. குடும்பம் கொடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டை இல்லத்தில் ஒப்படைத்துவிடுவார்கள். இந்தியா திரும்பும் வேறொரு குடும்பத்துக்குக் கப்பலில் பிள்ளை பார்க்க ஆள் தேவைப்படும். இல்லம் அந்த டிக்கெட்டை அவர்களுக்கு விற்கும், ஆயாவும் அவர்களோடு கப்பல் ஏறுவாள். அந்தப் பணத்தில், அவள் காத்திருந்த நாட்களின் சாப்பாட்டுச் செலவு கழியும். அதாவது, திரும்பிப் போகும் பயணத்தையும் இன்னொருவர் பிள்ளையைத் தூக்கித்தான் அவள் சம்பாதிக்க வேண்டும்!

சரி, அந்தப் பெண்களின் பெயர்கள் என்ன? அங்கேதான் இடிக்கிறது. ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்ற பிரபல ஓவியர், 1765 வாக்கில் ராபர்ட் கிளைவின் உறவினர் ஜார்ஜ் கிளைவின் குடும்பத்தை வரைந்தார். ஓவியம் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்பா பெயர் தெரியும், குழந்தை யார் என்று தெரியும். குழந்தையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கும் பெண்? 'இந்தியப் பணிப்பெண்.' அவ்வளவுதான். கப்பல் பயணிகள் பட்டியலிலும் பல ஆயாக்கள், 'இன்ன துரைசானியின் ஆயா' என்றே ஏறி, அப்படியே இறங்கினார்கள்.

ஹாக்னியில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. 2018-ல் ஒரு டி.வி. ஆவணப்படத்தில் அதைப் பார்த்தார், லண்டனில் வாழும் ஃபர்ஹானா மமூஜி என்ற பெண். விடாமல் முயற்சி செய்தார். 2022 ஜூனில் அந்தச் சுவரில் நீல வட்டப் பலகை பதித்தார்கள். பிரிட்டனில் பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீடுகளுக்குக் கிடைக்கும் மரியாதை அது.

*

இப்போது அந்த 'நம்பலாமா'வை எடுங்கள்.

முன்பின் தெரியாதவளை நம்பிப் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று எல்லாக் காலத்திலும் பெற்றவர்கள் பதறியிருக்கிறார்கள். பதறத்தான் வேண்டும். அடையாள அட்டை பாருங்கள், விசாரியுங்கள், நடுவில் போன் பண்ணுங்கள். ஆனால் இந்தக் கதையில் கடல் தாண்டி வந்து நடுவழியில் கைவிடப்பட்டவர் யார் என்று யோசியுங்கள். பிள்ளையா? பிள்ளை பத்திரமாகக் கரை சேர்ந்தது. நம்பி மோசம்போனது ஆயாதான்.

காலம் முழுசாக மாறிவிடவில்லை. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்கள் போல ஓய்வு நேரம், எழுத்தில் வேலை விவரம் எல்லாம் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. 189-ஆம் எண். இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. ஆனால் இன்றுவரை அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

மதுரை லாட்ஜுகளிலும் நாளைக்கே 'குழந்தை பார்த்துக்கொள்ளப்படும்' என்று போர்டு தொங்கலாம். பாட்டிகளும் பாவம், எத்தனை காலம்தான் செருப்புக்குக் காவல் இருப்பார்கள்? தாராளமாக அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். ராட்டினத்தில் ஏறி ஆசை தீரக் கத்துங்கள். இருட்டிய பிறகு திரும்பி வந்து, தூங்கும் பிள்ளையை அந்த அம்மாவின் தோளிலிருந்து வாங்கும்போது மட்டும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

''உங்க பேரு என்னம்மா?''

''இந்நேரத்துக்கு வீட்டுக்கு எப்படிப் போவீங்க?''