மேகத்துக்குப் போக வேண்டியது தரவா, விடையா?

நிறுவனத்தின் சொந்த சர்வரில் இருக்கும் பெரிய தரவுத்தளத்தை மேகக் கணிமைப் பகுப்பாய்வுக் கருவியோடு இணைக்கும் பேச்சு வந்தாலே, எந்த போர்ட்டைத் திறப்பது, ஃபயர்வாலில் என்ன விதி எழுதுவது என்பதிலேயே விவாதம் முடிந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ கருவியை எடுத்துக்கொண்டால், அந்தச் சிக்கல் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. கணக்குப் போடும் வேலை எங்கே நடக்க வேண்டும் என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. கூடியவரை தரவு இருக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பவர் பிஐயின் கேட்வே, உள் வலையமைப்பிலுள்ள ஒரு விண்டோஸ் கணினியில் நிறுவப்படுகிறது. அது வெளியிலிருந்து வரும் இணைப்பு எதையும் ஏற்பதில்லை. தானே மைக்ரோசாஃப்டின் மேகத்திலுள்ள அஸூர் ரிலே என்ற இடைச் சேவையோடு தொடர்பு கொண்டு, அங்கே காத்திருக்கும் வினவலை எடுத்துவந்து, தரவுத்தளத்தில் ஓட்டி, விடையைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே உள்நோக்கி ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

மீதமிருப்பது கணக்கு எங்கே நடப்பது என்ற கேள்வி. கணினி அறிவியலாளர் ஜிம் கிரே 2003இல் எழுதிய ‘டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் எகனாமிக்ஸ்’ கட்டுரை, தரவை நகர்த்தும் செலவைக் கணக்கிட்டு, கணக்கீட்டைத் தரவுக்கு அருகில் வைக்கச் சொன்னது. அன்றைய விலைகள் இன்று இல்லை. ஆனால் வலையமைப்பு மலிந்தபோது தரவும் பெருகியது. விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஒரு டெராபைட்டை முழு வேகத்தில் அனுப்பினாலும் 22 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

அப்படியானால் தரவை நகலெடுக்கும் இம்போர்ட் முறையை விட்டு, ஒவ்வொரு வினவலையும் மூலத்துக்கே அனுப்பும் டைரக்ட்குவெரிக்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். இதை ஏற்பதற்கில்லை. பத்து வரைபடங்கள் உள்ள பக்கத்தைத் திறந்தால் குறைந்தது பத்து வினவல்கள் கிளம்பும். வடிகட்டியை மாற்றும்போதெல்லாம் அவை திரும்பவும் ஓடும். பில் போட்டுக்கொண்டிருக்கும் அதே தரவுத்தளம்தான் இந்தச் சுமையையும் தாங்க வேண்டும். நாள்வாரி, கிளைவாரித் தொகைகளை மூலத்திலேயே கணக்கிட்டு அவற்றை மட்டும் இம்போர்ட் செய்து, தனித்தனிப் பில் வரை போய்ப் பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் டைரக்ட்குவெரியை வைப்பதே பொருத்தம். இரு முறைகளையும் ஒன்றாகக் கலக்கும், 2018இல் வந்த கூட்டு மாதிரிகள் இதற்கு இடம் தருகின்றன.

ஆனால் முறையைத் தேர்ந்தெடுத்த பிறகும், கணக்கீடு நடக்கும் இடம் நமக்குத் தெரியாமலே மாறிவிடக்கூடும். பவர் பிஐயில் தரவைத் தயார்செய்யும் பகுதியான பவர் குவெரியில் நாம் செய்யும் படிகளை மூலத்தின் எஸ்.க்யூ.எல் வினவலாகவே மாற்றி அனுப்புவதற்கு குவெரி ஃபோல்டிங் என்று பெயர். பழைய விற்பனை அட்டவணைகளில் தேதி 20240315 என்று முழு எண்ணாக இருப்பது சகஜம். புதிய வரிசைகளை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் ரிஃப்ரெஷுக்கோ ரேஞ்ச்ஸ்டார்ட், ரேஞ்ச்எண்ட் என்ற இரண்டு தேதி-நேர எல்லைகள் வேண்டும். உடனே நெடுவரிசையைத் தேதியாக மாற்றத் தோன்றும். அந்தப் படி எஸ்.க்யூ.எல் ஆக மாறாவிட்டால் ஃபோல்டிங் அறுந்துவிடும்; அட்டவணை முழுவதும் கேட்வேக்கு வந்து, அங்கே வடிகட்டப்படும், அதுவும் புதுப்பிக்கும் ஒவ்வொரு காலப் பிரிவுக்கும். மாறினாலும் முழு நிம்மதி இல்லை: ஃபங்ஷனுக்குள் சிக்கிய நெடுவரிசைக்கு, அதன் மேல் உள்ள இன்டெக்ஸ் பெரும்பாலும் கைகொடுக்காது.

மாற்ற வேண்டியது எல்லைகளை. ரேஞ்ச்ஸ்டார்ட் தேதியின் ஆண்டை 10,000ஆலும் மாதத்தை 100ஆலும் பெருக்கி, நாளையும் கூட்டினால் அதே எட்டு இலக்க எண் கிடைக்கும், ரேஞ்ச்எண்டுக்கும் அப்படியே. நெடுவரிசையை மாற்றாமல் அந்த இரண்டு எண்களோடு மட்டும் ஒப்பிடுவதால் வினவல் மூலத்திலேயே ஓடும், இன்டெக்ஸும் வேலை செய்யும். இப்படி ஓர் அட்டவணையில் தேதி எந்த வடிவில் இருக்கிறது, எந்த இன்டெக்ஸ் உள்ளது என்பதை அறிந்தவர் தரவுத்தள நிர்வாகி. கேட்வேயை நிறுவும் நாளில் கடவுச்சொல் கேட்பதற்காக மட்டும் அவரை அழைக்கும் வழக்கம் மாற வேண்டும். தரவு மாதிரியை வரையும் முதல் கூட்டத்திலேயே அவர் இருக்க வேண்டும்.